பதினைந்து நாள் தங்கும் எண்ணம்

"பெண், வயது 54. அரைமயக்கத்தில் கொண்டுவரப்பட்டார். உடல் முழுதும் வியர்வை. நோன்பில் இருந்திருக்கிறார். சர்க்கரை மாத்திரை எடுத்திருக்கிறார்."

2002 நவம்பரில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரின் மருத்துவமனையில் என் மனைவி மைமூனுக்கு எழுதித் தந்த சீட்டின் முதல் வரிகள் இவை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியவன் நான். ரமலான் மாதத்தில் நீரிழிவு நோயாளியோடு இருக்கப்போகும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். தேதிகள் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. நான் நேரில் பார்க்காதவற்றை யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்தமபாளையம். அந்த ஆண்டு கோடையில் மைமூனுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் கை நடுங்கத் தொடங்கியது. தேனியில் எங்களைப் பார்த்துவந்த டாக்டரம்மா ரத்தமும் சிறுநீரும் சோதித்தார். சர்க்கரை பத்து வருடமாக இருப்பதுதான். புதிதாகத் தெரிந்தது, சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது என்பது. "இந்த வருசம் நோன்பு வேண்டாம்மா. மாத்திரை போட்டா சாப்பிடணும். சாப்பிடாம மாத்திரை போட்டா ஆபத்து" என்றார்.

"படுத்த படுக்கையாக் கெடந்தாத்தான் நோயாளி. நான் நடக்குறேன், சமைக்கிறேன். எனக்கென்ன?" என்றாள் மைமூன், பேருந்தில் திரும்பும்போது. ஆனாலும் டாக்டர் சொல்லைத் தட்டவில்லை. ரமலான் பிறந்ததும் நோன்பு பிடிக்காமல்தான் இருந்தாள்.

அந்த நாட்களில் அவள் சாப்பிட்ட விதத்தை மறக்க முடியாது. வீட்டில் எல்லோரும் நோன்பு. அவள் அடுக்களைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நின்றபடியே நாலு வாய் விழுங்கிவிட்டு வெளியே வருவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் சோற்றுத் தட்டு கட்டிலுக்கு அடியில் போகும். ஒரு வாரத்தில் முகம் வற்றிவிட்டது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கட்டும்" என்றார்.

அப்படித்தான் அந்தக் கடலோர விடுதிக்குப் போனோம். மொத்தம் ஆறு அறைகள். மழைக்காலமாதலால் ஆள் வரத்தில்லை. எங்களைத் தவிர, மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாள் மட்டும் கடைசி அறையில். வாசலில் தென்னைகள், அதற்கப்பால் மணல், கடல். மேலாளர் செல்வின் அந்த ஊர்க்காரர், கத்தோலிக்கர். தட்டு நிறைய இட்லியோடு வந்து, "அக்கா, தயங்காம சாப்பிடுங்க. இங்க ஒங்களப் பாக்க காக்காயத் தவிர ஆளு கெடையாது" என்றார். மைமூன் சிரித்தாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

பயணிக்கு நோன்பில் விலக்கு உண்டு. விட்ட நாட்களைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். நோயாளிக்கும் அந்த விலக்கு உண்டென்றாலும், தன்னை நோயாளி என்று ஒப்பாதவளுக்குப் பயணி என்ற பெயர் இதமாக இருந்தது. அவளுக்குத் துணையாக நானும் நோன்பு பிடிக்கவில்லை. முகம் தெளிந்தது. பகலிலும் தூங்கினாள்.

வியாழக்கிழமை மாலை, அலை பார்த்து உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "ஏங்க, எத்தன நாளைக்கு ரூம் சொல்லியிருக்கீக?"

"பதினஞ்சு."

"வரும்போதே பதினஞ்சுன்னு நெனச்சுத்தான் வந்தீகளா?"

"ஆமா."

"அப்ப நாம பயணி இல்ல, குடியிருக்கவக. செல்வின் தம்பிகிட்டச் சொல்லி ஒரு ரேஷன் கார்டு வாங்கிருங்க" என்றாள்.

நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி சட்டப்படி, ஓரிடத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்தோடு இறங்கியவர் பயணி அல்லர், அந்த ஊர்வாசி. விலக்கு அவருக்கு இல்லை. எனக்கும் தெரிந்த சட்டம்தான். அறை எடுத்தபோது அது நினைவில் இல்லை. அவள் கேலி பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளி. நான் விழித்தபோது அவள் தொழுகை விரிப்பில் இருந்தாள். விடியுமுன் எழுந்து இரண்டு வாழைப்பழம் தின்று, தண்ணீர் குடித்து, காலை மாத்திரையையும் போட்டு நோன்பு வைத்திருக்கிறாள். இது பிற்பாடு அவளே சொன்னது. மாத்திரையை மட்டும் எந்த நாளும் விடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவள் மனதில் பதிந்திருந்தது. செல்வின் பொங்கல் கொண்டுவந்து வைத்தார்.

"அப்புறமாச் சாப்பிடுறேன். நீங்க கெளம்புங்க, ஜும்மா தவறிரும்" என்றாள்.

பள்ளிவாசல் பக்கத்து ஊரில். தொழுகை முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு முன்னால் பேருந்து வெகுநேரம் நின்றது. ஏனோ எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வந்தபோது அவள் முன்தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். கடற்காற்று குளிர்ந்து வீசியது. அவள் சேலை வியர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "இது பாளையம் பஸ்ஸா?" என்று கேட்டாள்.

"மைமூன், நான்தான்."

"எடம் இருக்கா?"

பேச்சு குழறியது. கையைத் தொட்டேன், சில்லென்று நடுங்கியது. அறைக்குள் பொங்கல் மூடியபடியே இருந்தது. செல்வினைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, மத்தியானமும் வேண்டாம்னுட்டாவ. வயிறு சரியில்லன்னாவளே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சீனி! சீக்கிரம்!"

இதற்குப் பெயர் ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைதல்). மூளைக்குச் சர்க்கரைதான் உணவு. அது குறைந்தால் முதலில் நடுக்கம், வியர்வை. பிறகு குழப்பம். அதற்கும் பிறகு வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். நினைவு முற்றிலும் போனவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மைமூனுக்கு இன்னும் விழுங்கத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நீரில் குழைத்த சீனியை விரலில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாங்கு சொல்லலையே."

அந்தியில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு (அழைப்பு) ஒலித்த பிறகுதான் நோன்பு திறக்கலாம். என் பெயர் அவளுக்கு மறந்திருந்தது. நோன்பு மறக்கவில்லை.

"சொல்லியாச்சு மைமூன். வாயத் தொற."

"வெளிச்சம் இருக்கே" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். தாடையை அழுத்திப் பார்த்தேன், என் கையைத் தள்ளிவிட்டாள். அந்தத் தள்ளலில் பலம் குறைந்துகொண்டே வந்தது. கண் மேலே செருகியது.

செல்வின் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "அக்கா, பாங்கு சொல்லிட்டாவ. நான் காதால கேட்டேன். மேகம் விலகிருக்கு, அதான் வெளிச்சம்."

அவரை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியவில்லை. உதடு சிறிது பிரிந்தது. சீனிக் குழைவை உள் கன்னத்தில் தடவினேன். மறுபடி, மறுபடி. தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

செல்வினின் ஜீப்பில் மருத்துவமனைக்குப் போனோம். நரம்பு வழியாகக் குளூக்கோஸ் ஏறியதும் அவள் கண் தெளிந்தது. "மஃரிப் ஆயிருச்சா?" என்றாள்.

பிழைத்துவிட்டாள், புறப்படலாம் என்று நினைத்தேன். பணியில் இருந்த இளம் டாக்டர் விடவில்லை. "இது கணையத்தத் தூண்டிவிடுற மாத்திரை. சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்கு உடம்ப விட்டு லேசுல போகாது. மறுபடியும் எறங்கும், பாருங்க" என்றார். அப்படியே இறங்கியது. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மனதில் வையுங்கள்: சீனி கொடுத்துத் தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

தேனியிலிருந்து வந்த மகள், "அத்தா, டாக்டர் சொன்னதுக்கப்புறமும் அம்மாவ ஏன் விட்டீக?" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் இருந்து மைமூன் சொன்னாள்: "அத்தாவ ஏசாத. பதினஞ்சுக்குப் பதிலா பதினாலுன்னு சொல்லத் தெரியல, அவ்வளவுதான்."

அறைக்கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். குளூக்கோமீட்டர் (விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி) வாங்கினோம். சிறுநீரகம் மேலும் கெடவில்லை. இனி நோன்பு இல்லை, ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளித்தல்) கொடுப்பது என்று மைமூனே முடிவுசெய்தாள். அடுத்த ரமலானில் அடுக்களைத் தாழ்ப்பாள் போடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப்பார்த்தபோது, தட்டை மறைக்காமல், "வா, ஒக்காரு. நான் சாப்பிடுறதப் பாத்தா ஒனக்கு நன்மை கூடும்" என்றாள்.

ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. முன்பு பசி அவளுக்கு ஒரு வணக்கத்தின் பகுதி. இப்போது பசித்தால் பயப்படுகிறாள். வெயிலில் வியர்த்தாலும் நின்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். "வேக்குறது வெயிலா, நானான்னு தெரியணும்ல" என்பாள். அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அவளுக்கு நினைவில் இல்லை. நான் தொழுகைக்குப் புறப்பட்டதற்குச் சிறிது பின்னால் அவள் நாள் அறுந்து, மருத்துவமனையில் மீண்டும் தொடங்குகிறது. "அது ஒங்க டைரியிலதான் இருக்கு. எனக்கு இல்ல" என்கிறாள்.

2004இல் செல்வின் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். அவருடைய சமையற்காரர் வேலையை விட்டுப் போகும்போது ஒன்று சொன்னாராம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெண்குரல் அடுக்களை வாசலில், "இங்கன சீனி இருக்கா?" என்று கேட்டிருக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியபோது ஆள் இல்லை. ‘இங்கன’ என்பது மைமூனின் பேச்சு. ஆனால் மதுரைப் பக்கத்து அம்மாளும் அப்படித்தான் பேசுவார். அவர் விலாசம் விடுதியில் இல்லை. சமையற்காரர் வெளிநாடு போய்விட்டார்.

மைமூனிடம் சொன்னேன். நினைவு தப்பும் வரைக்கும் நோன்பைக் காத்தவளா, உயிர் வேண்டும் என்று அதை விட எழுந்துபோனவளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நானாத்தான் இருக்கணும்னு தோணுது" என்றாள் முடிவில். "ஆனா, எனக்கு அப்படித் தோணணும்னு ஆசையா இருக்குறதாலகூட இருக்கலாம்."

இதை எழுதும் 2009 வரை, கேட்டது யார் என்பது உறுதிப்படவில்லை.