அருளம்பலம் அண்ணை சொன்ன மூன்று நூல்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கைத்தொலைபேசியில் அருளம்பலம் அண்ணையின் பெயர் தெரிந்தது. நான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலப் பத்து மணிக்கு அவருடைய கராஜில் நிற்கவேண்டும். வெளிக்கிட்டுவிட்டேனா என்று கேட்கத்தான் எடுக்கிறார் என நினைத்து, அவர் பேசுமுன்பே, "வெளிக்கிட்டிட்டன் அண்ணை, வாறன்" என்றேன். மறுபக்கத்தில் இருந்தது அண்ணை இல்லை. அவருடைய மனைவி புவனம் அக்கா.

"கராஜுக்குப் போகாதேங்கோ. வீட்டை வாங்கோ. அவர் விடிய எழும்பேல்லை."

நான் "ஓம்" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் விடுவது என்னுடைய பழைய குறை. அந்தக் குறையால் அண்ணைக்கு நான் செய்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். உங்களில் பலர் வாங்கிய முதல் காரின் அடியில், நீங்கள் வாங்கும் முன்னரே, அவர் படுத்துப் பார்த்திருக்கிறார். நான் ஒரு பம்புத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பென்சிலையும் மில்லிமீற்றரையும் தவிர வேறெதிலும் எனக்கு நம்பிக்கை வந்ததில்லை. அவற்றிலும் முழுதாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு நாளும் ஒருவருக்கும் படிப்பித்திராத என்னை அவர் "மாஸ்டர்" என்றே கூப்பிட்டார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், "மாஸ்டர், ஒருக்கா வந்து பாருமன்" என்று அழைத்தார். கராஜில் அறுபதுகளில் செய்யப்பட்ட ஒரு ஜெர்மன் கார் நின்றது. பாசி நிறம், நீண்ட மூக்கு. யாரோ ஒரு விவசாயியின் கொட்டிலில் கிடந்து, தண்ணீர் உறைந்து, எஞ்சின் பிளந்துபோயிருந்தது. பக்கத்தில் ஒரு மரப்பலகையில் இன்னொரு எஞ்சின் இருந்தது. பின்பக்கம் அடிபட்டுக் கழிக்கப்பட்ட ஒரு புதுக் காரில் இருந்து எடுத்தது. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நின்றன.

"இது அதுக்குள்ளை கொள்ளுமோ, அண்ணை?"

"அதைச் சொல்லத்தானே உம்மைக் கூப்பிட்டனான்."

"நாலு சிலிண்டரிலை ஒண்டைத் தேடினால் சுகமெல்லோ?"

"நாலு சிலிண்டர் வேலை செய்யும், மாஸ்டர். ஆறு பேர் ஒரே வரிசையிலை நிண்டால் மூச்சு விடும். ஒருத்தன்ரை ஆட்டத்தை மற்றவன் பிடிச்சுக்கொள்ளுவான். ஓடுற எஞ்சினுக்கு மேலை ஒரு கிளாஸ் பிளேன்ரீ வைச்சுக் காட்டுறன். ஆடினால் நான் மெக்கானிக் இல்லை."

நான் வழக்கம்போலப் பயந்தேன். பழைய காருக்கு இங்கே இலக்கத் தகட்டின் முடிவில் H என்ற எழுத்துக் கொடுப்பார்கள். அந்த எழுத்து இருந்தால் அது மதிப்புக்குரிய பழமை. ஜெர்மன்காரர் "ஓல்ட்டைமர்" என்பார்கள். புதுக்காலத்து எஞ்சினை ஏற்றினால் அந்த எழுத்துப் போய்விடும். நான் ஒரு டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்கு அண்ணையையும் கூட்டிக்கொண்டு ஒரு வாகனப் பரிசோதகரிடம் போய்க் கேட்டேன். அவரும் அதையே உறுதிப்படுத்தினார். திரும்பி வரும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அண்ணை சொன்னார்: "அந்தக் காரைவிட நான் பழசு. எனக்கு ஒருத்தனும் H தரேல்லை. நான் ஓடேல்லையோ?"

இரண்டு வருடச் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. அவர் காருக்கடியில் படுத்து அளப்பார். நான் முக்காலியில் இருந்து அவர் சொல்லும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவேன். எழுதியதைச் சத்தமாகத் திருப்பி வாசிப்பேன். அடியில் இருந்து "ஓம்" என்று வரும். அதன் பிறகுதான் அடுத்த அளவு. வீட்டுக்குப் போய் அந்த அளவுகளை வரைபடமாக்குவேன்; வரைபடத்தின்படி தகடு வெட்டி வரும்; அவர் வெல்டிங்கில் ஒட்டுவார். என் வரைபடத்தை அவர் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. "நீர் கீறினதை நான் என்னத்துக்குப் பாக்கிறது?" என்பார்.

எஞ்சினைத் தாங்கும் கால்களுக்கு அளவெடுத்த நாள், அவருக்கு முதுகுப் பிடிப்பு. நான் மூன்றாவது தடவையாகத் திருப்பி வாசித்தபோது, "மாஸ்டர், செபமாலை சொல்லுறமாதிரிச் சொல்லிக்கொண்டிராமல் எழுதும்" என்றார். பகிடிதான். ஆனால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்ததாக அவர், "எண்ணெய்த் தொட்டிக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவிலை மூண்டு நூல் விடும்" என்றார். நான் 3 என்று எழுதினேன். திருப்பி வாசிக்கவில்லை.

எங்கள் ஊர்த் தச்சரும் மேசன்மாரும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள். மூன்று நூல் என்றால் ஒன்பதரை மில்லிமீற்றர். பணிமனையில் நாள் முழுதும் மில்லிமீற்றரில் பேசியவர், முதுகு நோவோடு மல்லாந்து கிடந்தபோது பழைய வாய்ப்பேச்சுக்குப் போயிருந்தார். எனக்கும் அந்த அளவு தெரியும். ஆனால் கொப்பியில் இருந்த எல்லா இலக்கமும் மில்லிமீற்றர்; பென்சில் தன் பாட்டில் எழுதிவிட்டது. வரைபடத்திலும் மூன்று மில்லிமீற்றரே விட்டேன். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வசந்த காலத்தில் ஒரு பின்னேரம் எஞ்சினை முதன்முதலாக ஓடவிட்டோம். புவனம் அக்கா கண்ணாடிக் கிளாஸில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்தார். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணை கிளாஸை எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். தேநீரில் முதலில் வட்டங்கள் தெரிந்தன. பிறகு கிளாஸ் மெல்ல நகர்ந்தது. அவர் அதை எடுப்பதற்குள் பாதி சிந்திவிட்டது.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு அடியில் போனார். வெளியே வந்தபோது முகத்தில் கோபம் இல்லை.

"தொட்டி சட்டத்திலை முட்டுது. மூண்டு நூல் எண்டுதான் அளந்தனான். கண் பிழைச்சுதோ கை பிழைச்சுதோ தெரியேல்லை."

"கண்ணாடியை நெத்தியிலை விட்டிட்டு அளந்தால் வேறென்ன நடக்கும்?" என்றார் அக்கா.

அண்ணை சிரித்தார். நான் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்தவுடனே விளங்கிவிட்டது. "அண்ணை..." என்று தொடங்கினேன். அவர் அதற்குள் தன் அளவு நாடாவை இடுப்பில் இருந்து கழற்றி என் கையில் வைத்திருந்தார். "இனி அளக்கிறது நீர்" என்றார். நான் கொப்பியை மூடினேன்.

புதுக் கால்களுக்கு நானே அளந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பிளேன்ரீ வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, தேநீர் கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் இருந்தது. இரண்டு வருடமாகக் காத்திருந்த அந்தக் காட்சியை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "பாத்தீரோ, உம்மடை கை" என்றார். அந்த மூன்று சொற்களைப்போல என்னை வருத்தியது வேறில்லை.

பிறகு இந்தக் கதையைக் கோவில் மண்டபத்தில் அவரே பலதடவை சொன்னார். "என்ரை கை பிழைச்ச கதை" என்று தொடங்குவார். நீங்கள் சிரித்தீர்கள். உங்களோடு இருந்து நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு அவர் தனியாக ஒன்றையும் அளக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. பான் நகரத்தில் கூரை திறக்கும் ஒரு சிறிய சிவப்புக் காரைப் பார்த்துவைத்திருந்தார்; அடுத்தது அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வாங்காமல் விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அளக்க ஏலாதவனுக்கு ஏன் இன்னொரு கார்?" என்றார். நான்கு வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வரும்போது, பிழை என்னுடையது என்று சொல்லும் வசனத்தை ஆயத்தம் செய்வேன். கராஜ் கதவைத் திறந்ததும், "என்ன மாஸ்டர், வந்திட்டீரே" என்பார். அந்தக் குரலின் சந்தோஷத்தைக் குலைக்க மனம் வராது. அடுத்த சனி சொல்லலாம் என்று விடுவேன்.

அண்ணை இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வந்தவர்கள் போன பிறகு, குசினியில் வைத்துப் புவனம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழுவிக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

நான் துவாயை எடுத்து அந்தக் கிளாஸைத் துடைத்தேன்.

"அவரிட்டைச் சொல்லியிருந்தால், அந்தாள் உங்களை வைச்சு ஒரு வருசம் பகிடி பண்ணியிருக்கும்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றியே இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோவில் மண்டபத்தின் மறுமூலையில் இருந்து "மூண்டு நூல் மாஸ்டர்" என்று என்னைக் கூப்பிட்டிருப்பார். நான் பிந்தினால் தொலைபேசி எடுத்து, "இன்னும் எத்தினை நூல் தூரம்?" என்று கேட்டிருப்பார். பரிமாறும்போது, "மாஸ்டருக்கு மூண்டு நூல் சோறு போடுங்கோ" என்றிருப்பார். அந்தச் சிவப்புக் காரின் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வோர் அளவையும் மில்லிமீற்றரிலும் நூலிலும் சொல்லி என்னை வதைத்திருப்பார். அவர் கோபித்துவிடுவார் என்று பயந்து இவ்வளவையும் நான் இழந்தேன். அந்தப் பகிடிகளில் ஒன்றையாவது அவர் வாயால் கேட்டால் போதும் என்று இருக்கிறது.

ஆகவே அவரை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்கிறேன். அருளம்பலம் அண்ணையின் கை பிழைக்கவில்லை. கண்ணும் பிழைக்கவில்லை. அவர் சரியாகத்தான் அளந்தார், சரியாகத்தான் சொன்னார். நான்தான் பிழையாக எழுதினேன். இனி அந்தக் கதையை யாராவது சொன்னால், தயவுசெய்து இப்படிச் சொல்லுங்கள்.

கார் அக்காவிடம் இருக்கிறது. பற்றரி இறங்கிவிடாமல் சனிக்கிழமைகளில் நான் போய் ஓடவிடுகிறேன். அவருடையவற்றில் என்னிடம் இருப்பது அளவு நாடாவும், அவர் சொல்லி நான் எழுதிய அந்தக் கொப்பியும். நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து, 3 என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் "நூல்" என்று எழுதினேன். எழுதியதைச் சத்தமாகத் திருப்பி வாசித்தேன். வாசித்துவிட்டு, அடியில் இருந்து வரும் "ஓம்" என்ற குரலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.