ரத்தக்காவின் நேரம்

பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ரத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்து வைத்த ரத்த மாதிரிக் குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது அவள் வேலை. கணவன் விட்டுவிட்டுப் போனபோது வீட்டில் மிஞ்சிய உருப்படியான பொருள் அந்த பைக்தான். "அதையும் ஒண்ணும் நல்ல மனசோட விட்டுட்டுப் போகல. சாவி என் கைப்பையில இருந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். வேலை நிலைத்ததும் தம்பியையும் அங்கேயே இதே வேலையில் சேர்த்துவிட்டாள்.

அவள் கொண்டுவந்த குழாய்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்து கிடந்தது. அதிகமாகக் குலுங்கினால் ரத்தம் அப்படித்தான் உடையும்.

"என்னக்கா, ரத்தத்தக் கொண்டு வர்றீங்களா, கடைஞ்சு கொண்டு வர்றீங்களா?" என்று கேட்டாள் லேப் டெக்னீஷியன்.

கெட்டால் நோயாளிக்கு மறுபடியும் ஊசி. ஒருமுறை அப்படிக் குத்து வாங்கியவள், மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்து இளைத்துப்போன ஒரு பெண். நரம்பு அகப்படாமல் நர்ஸ் தேடியதை ரத்தக்கா வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரத்தக்காவுக்கு.

அன்றே பைக்கை மெக்கானிக்கிடம் கொண்டு போனாள். அவர் சீட்டை ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். விக்கல் வந்தது போல வண்டி ஏறி இறங்கி ஏறியது.

"ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்யுது. அத அடக்குற எண்ணெய் எப்பவோ ஒழுகிப் போச்சு. ஒரு பள்ளத்துல விழுந்தா மூணு தடவை குதிக்கும்."

பின்னால் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி, பெட்டியின் கனத்துக்கு ஏற்ப ஸ்பிரிங்கை முறுக்கி வைத்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து கரியாய் வடிந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் கெட்டியான எண்ணெயை ஊற்றினார். அதன் பிறகு பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரே தடவை அமுங்கி எழுந்து அடங்கியது. ஆனால் வளைவு வந்தால் அவள் தோள் இறுகியது. பிரேக் பிடித்தால் பெட்டி முதுகில் வந்து முட்டியது.

"வண்டி இப்ப சொன்ன பேச்சு கேக்குது அக்கா. நீங்கதான் அதுகிட்ட கத்திப் பேசுறீங்க" என்றார் மெக்கானிக்.

அந்தப் பேச்சு அவளைக் குடைந்தது. ஞாயிறு காலைகளில், மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்துக்குப் போனாள். ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, சோப்புக் கரைசல் சில சொட்டு விட்டு, பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினாள். குலுங்கினால் நுரை சொல்லிவிடும். முதல் நாள் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல மெல்ல அழுத்தினால் வண்டி மூக்கு குத்தாது என்று தெரிந்தது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டால் கை தளரும். கண் பள்ளத்தைப் பார்த்தால் சக்கரமும் அங்கேதான் போகும், வளைவை விட்டு வெளியேறும் இடத்தைப் பார்த்தால் அங்கே போகும். இதையெல்லாம் விழுந்துதான் கற்றாள். மதில் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். முழங்கைத் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. நுரை கட்டாத நாளும் வந்தது.

அவள் குழாய்கள் கெடுவது நின்றது. இன்னொன்றும் நடந்தது. தேவையில்லாமல் பிரேக் பிடித்துத் தடுமாறுவது போனதால், அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள். குழாய் கெடாததை மேலாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. சீக்கிரம் வந்ததைக் கவனித்தார். அடுத்த மாதத்திலிருந்து அவள் எடுக்கும் நேரம்தான் எல்லோருக்கும் விதித்த நேரம்.

"சார், என் வண்டில ஷாக் மாத்தியிருக்கு. நானும் மாசக்கணக்கா பழகியிருக்கேன். எல்லா வண்டியையும் சரி பண்ணிக் குடுங்க, பழகறதுக்கும் நேரம் குடுங்க. அப்புறம் கேளுங்க."

"அது அவங்கவங்க சொந்த வண்டி. உங்களால முடியுதுன்னா அவங்களால ஏன் முடியாது?"

வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். அவளுக்குத்தான் திட்டு விழுந்தது, நேரம் மாறவில்லை. சக ஓட்டுநர்கள் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். கிடங்குக்கு வா என்று தம்பியைக் கெஞ்சினாள். "தூங்குறதுக்கு ஒரு நாள்தான் இருக்குக்கா. அதையும் புடுங்கிக்கிறியா?" என்றான். வண்டியையாவது மெக்கானிக்கிடம் விடு என்றால், "விட்டுட்டு நடந்தா ரத்தம் கொண்டு வர்றது?" என்றான்.

மழை பிசுபிசுத்த ஒரு மதியம், பாலத்துக்குக் கீழே உள்ள வளைவில் அவன் வண்டி துள்ளி, சாலை நடுவே இருந்த தடுப்புச் சுவரில் மோதியது. முழங்கால் நொறுங்கியது. இரும்புத் தகடு வைத்தார்கள். இனி அந்தக் கால் முழுசாக மடங்காது என்று மருத்துவர் சொன்னார்.

தம்பி மனைவி வார்டு வாசலிலேயே அவளை நிறுத்தினாள். "உங்க நேரத்தத் துரத்திட்டுப் போய்த்தான் விழுந்தாரு அண்ணி. உள்ள வராதீங்க." ரத்தக்கா வாங்கி வந்த பழப்பையை பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பினாள். 

பரிசோதனைக் கூடம் நடத்திய விசாரணைக்குச் சாட்சியாக அவளையே கூப்பிட்டார்கள். மேலாளர் கேட்டார், "அந்த வளைவ அந்த நேரத்துல தாண்ட முடியுமா, முடியாதா?"

"என் வண்டில முடியும். அவன் வண்டில யாராலயும் முடியாது."

"முடியும். அது போதும்" என்றார் அவர். தவறு ஓட்டியவன் மேல் என்று முடித்தார்கள். தம்பிக்கு வேலை போனது. இழப்பீடும் இல்லை. கொஞ்ச நாளில் ஓய்வறைச் சுவரில் அவள் புகைப்படம் ஏறியது, இவரைப் போல ஓட்டுங்கள் என்ற வாசகத்தோடு. கழற்றச் சொன்னாள். பெருமைப்பட வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. அவள் ஓய்வறைக்குப் போவதை விட்டுவிட்டாள். வேலையை விட முடியவில்லை. இப்போது இரண்டு வீடு அவள் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பல வாரங்களுக்குப் பிறகு தம்பி மனைவி போன் செய்தாள். "காலுக்குப் பயிற்சி குடுக்கக் கூட்டிட்டுப் போகணும். ஆட்டோல ஏறினா குலுக்கல்ல உயிர் போகுதுன்னு கத்துறாரு" என்றாள். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை, அவ்வளவுதான்.

ரத்தக்கா பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். நீட்டிய கால் நீட்டியபடியே நின்றது. பள்ளம் எதுவும் அவனுக்குத் தெரியாமல்தான் ஓட்டினாள். ஆனால் வளைவு என்று ஒன்று கண்ணில் பட்டதுமே அவன் விரல்கள் அவள் தோளில் பதிந்தன.

"மெதுவாப் போக்கா."

"மெதுவாத்தான்டா போறேன்."

"இன்னும் மெதுவா."

அவள் வேகத்தை இன்னும் குறைத்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒருவன் ஒதுங்கி முன்னே போகும்போது, "ஓட்டத் தெரியலன்னா எதுக்கு ரோட்டுக்கு வர்றீங்க?" என்று கத்திவிட்டுப் போனான்.  தம்பி அவள் தோளில் இருந்த பிடியை விடவில்லை.