எண்ணெய்ப் பொட்டு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, ஓசூரிலிருந்து வந்திருந்த மாமா, நான். அப்பா இல்லை, மிளகு பறிக்கிற வேலையென்று நான்கு நாளாக எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டார். கரண்டும் இல்லை. முந்தின நாள் காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியின் மேல் சாய்ந்து, எங்கள் ஊர் தலைச்சோலை முழுக்க இருட்டு. அப்பா இருந்திருந்தால் என்னை ஓர் அதட்டலில் உட்கார வைத்திருப்பார். கரண்ட் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இரண்டில் ஒன்றாவது இருந்து தொலைத்திருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்பதில்தான் பல வருஷம் தப்பு செய்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஏற்காட்டில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் உடம்பு பூராவும் இருந்தது.

பஜாரில் ஒரு காப்பி வியாபாரி, தோல் நீக்கிய கொட்டையை மூட்டையாக வீடுகளுக்குக் கொடுத்துப் பொறுக்கச் சொல்வார். உடைசல், கருப்பு, செவலை மூன்றையும் எடுத்துவிட்டு நல்ல கொட்டையைத் தனியாகத் தர வேண்டும். உடைசலும் கருப்பும் யார் கண்ணுக்கும் படும். செவலைதான் கெட்டது. புளித்துப்போன பழத்தின் கொட்டை அது. பச்சை படர்ந்த நல்ல கொட்டைகளுக்கு நடுவே செவலை மாட்டின் நிறத்தில் லேசாகச் சிவந்து கிடக்கும். ஒரு பிடி தங்கிவிட்டால் மூட்டையே புளிக்கும் என்பார்கள். அந்தத் தடவை வந்த இரண்டு மூட்டையை அம்மாவும் அக்காவும் ஒரு வாரமாகப் பொறுக்கி, இன்னும் அரை மூட்டைதான் பாக்கி. மறுநாள் காலையில் வியாபாரியின் ஆள் ஜீப்பில் வந்து எடுத்துப்போவான்.

அந்த லோடின் கூலியை அம்மா அக்காவுக்கென்று சொல்லியிருந்தாள். அக்கா ஐந்தாவதோடு நின்றவள். என்னை ஏற்காட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் கை கொடுக்க ஆள் வேண்டும் என்று நிறுத்தியிருந்தார்கள். என் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே படித்து, எட்டாவது தனித்தேர்வு எழுதுவதென்று நின்றாள். பணம் கட்ட மறுநாள்தான் கடைசி.

மாமா அம்மாவின் தம்பி. ஓசூரில் எலக்ட்ரானிக் கம்பெனி ஒன்றில் சால்டரிங் வேலை. அன்று சாயங்காலம் ஒரு தீப்பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதான ஆறு கண்ணாடி மொட்டுகளை எடுத்தார். வெள்ளை எல்இடி. சிவப்பும் பச்சையும் ரேடியோவில் பார்த்திருந்தோம், வெள்ளை வருமென்று யாருக்கும் தெரியாது. ஒரு சின்னப் பலகையில் ஆறையும் பற்றவைத்து, நாலு டார்ச் செல்லோடு இணைத்தார். பனி மூடி ஐந்து மணிக்கே இருட்டியிருந்த வீட்டில், சுவரில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது.

"ஏனுங்க மாமா, மின்மினிப் பூச்சியப் புடிச்சு அடைச்சுட்டு வந்தீங்களா?" என்றாள் அக்கா.

"சிரிக்காத. இது நாளைக்கு ஊடு ஊடா வரப்போவுது."

"வரட்டுமுங்க. நம்ம சிம்னி அளவுக்கு இருக்குமா?"

மாமா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு விஞ்ஞானம் வந்திருக்கிறது, அதைப் பார்த்தும் இவர்கள் சிரிக்கிறார்கள். நான் அளந்து காட்டுகிறேன் என்று எழுந்தேன்.

அறிவியல் வாத்தியார் அந்த மாதம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் தேங்காய் எண்ணெயால் பொட்டு வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கை வைத்து, பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் கரைகிற வரை தாளை நகர்த்த வேண்டும். கரைந்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் சமம். தூரத்தை அளந்து கணக்குப் போட்டால் எந்த விளக்கு எத்தனை மடங்கு என்று வந்துவிடும். ஒரு பக்கம் சிம்னி, மறுபக்கம் மாமாவின் பலகை, நடுவில் தாளோடு நான் முட்டிபோட்டு நகர்ந்தேன். பொட்டு மங்கியது. சிம்னி இருபது சென்டிமீட்டர், எல்இடி இருபத்தைந்து. ஒன்றரை மடங்குக்கும் மேலே. மாமாவின் மல்டிமீட்டரை வாங்கிக் கரண்டையும் அளந்தேன். முக்கால் வாட்கூட இல்லை. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

"பாருங்க. சிம்னிய விட ஒன்றரை மடங்கு."

மாமா என் முதுகில் தட்டினார். "மாப்ள, நீ எங்க கம்பெனிக்கே வந்துரு."

அக்கா மட்டும் தாளை வாங்கி விளக்குகளுக்கு நடுவே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். "டேய், இந்தப் பக்கம் மஞ்சளா இருக்குது. அந்தப் பக்கம் நீலமாட்டம் இருக்குது. ரெண்டும் வேற வேற நெறம். அப்பறம் எப்படிரா ரெண்டும் ஒண்ணுங்கற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"அஞ்சாவது படிச்சவளுக்கு இதெல்லாம் புரியாது. கொட்டையப் பொறுக்கு."

அக்கா தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கொட்டை பரப்பிய முறத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பலகையை விட்டத்திலிருந்து முறத்துக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டேன். வட்டம் கச்சிதமாக முறத்தில் விழுந்தது. பிறகு சிம்னியை ஊதி அணைத்தேன். மண்ணெண்ணெய் மிச்சம்.

"அதும் ஒரு ஓரமா எரியட்டும் கண்ணு," என்றாள் அம்மா. "எனக்கு இந்த வெளிச்சத்துல எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியுது."

"உங்க கண்ணு சிம்னிக்குப் பழகிருச்சும்மா. அளந்து பாத்துட்டுத்தான சொல்றேன்?"

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சவன் சொல்றான்," என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முறத்தை இழுத்துக்கொண்டாள். ஒருமுறை அக்கா ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்த் தணலில் காட்டிப் பார்த்தாள். நான் முறைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அரை மூட்டையும் வேகமாக முடிந்தது. செவலை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. நல்ல கொட்டை என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரக் குவியலோடு இதையும் கொட்டிக் கலந்து, மூட்டைகளைத் தைக்கச் சொன்னதும் நான்தான்.

காலையில் வெயில் அடித்தது. வியாபாரியின் ஆள் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி வாசலில் தினத்தாள்மேல் பரப்பினான். பகல் வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது. பச்சைக்கு நடுவே செவலை, அங்கங்கே, வெட்கமே இல்லாமல்.

"என்னங்க அக்கா இது, செவலைய பூரா உள்ளயே வெச்சுட்டீங்க? ஒங்க கை இப்படிப் பண்ணாதே."

அம்மா குனிந்து அந்தச் செவலைகளை ஒதுக்கத் தொடங்கினாள். நான் உள்ளே ஓடி நோட்டை எடுத்துவந்து அவன் முன்னால் விரித்தேன். ஒன்றரை மடங்கு, முக்கால் வாட், அடிக்கோடு. அவன் பொறுமையாகப் பார்த்தான்.

"நோட்டுல எழுதுனா செவலை பச்சையாயிருமா சாமி?"

ஜீப் டிரைவர் சிரித்தான். இரண்டு மூட்டையிலும் பார்த்தார்கள், இரண்டிலும் அதே கதை. முழுசும் மறுபடி பொறுக்கித் தர வேண்டும், இந்தத் தடவை கூலி கிடையாது என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. மாமா, "என் மேலதாங்க்கா தப்பு," என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பேசவிடவில்லை. பலகையை விட்டத்திலிருந்து பிடுங்கிக் காப்பிச் செடிகளுக்குள் வீசினேன். உங்கள் விளக்கு மோசடி, வியாபாரி மோசடி, அவன் ஆள் திருடன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மாமா அன்று மத்தியானமே சாப்பிடாமல் பஸ் ஏறினார். நான்கு வருஷம் அவரோடு பேசவில்லை.

நான் கத்தி முடித்தபோது அம்மாவும் அக்காவும் மூட்டைகளை வாசலில் கொட்டி, வெயிலில் பொறுக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அவள்மேலும் கோபப்பட்டிருப்பேன், வசதியாக இருந்திருக்கும். "தள்ளி நில்லுடா, வெயில மறைக்கற," என்றாள். அவ்வளவுதான். அவள் ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு ஒன்றும் போகவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஆசிரியர் ஒருநாள் அதே எண்ணெய்ப் பொட்டைக் கரும்பலகையில் வரைந்துவிட்டுக் கேட்டார்: இரண்டு விளக்குகளும் வேறு வேறு நிறமாக இருந்தால், சமம் என்று எப்படிச் சொல்வீர்கள்? வகுப்பில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. நல்ல கேள்வி, பெரிய பெரிய ஆட்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள் என்றார். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு சொற்பமாகவும் இருக்கும், சிவந்த பொருளை அது சாம்பலாகக் காட்டும் என்றார். ஒரே பக்கம் குவிந்து விழும் விளக்கையும் அறை முழுக்கப் பரவும் விளக்கையும் ஒரே தாளில் நிறுத்துவதே தப்பு என்றார். ஒரு மணி நேரம் பேசினார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவைத் திறக்கவில்லை.

அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தி ஏற்கெனவே கேட்டிருந்தாள். முறத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு தாளை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு. எங்கள் வீட்டில் அன்றைக்கு விஞ்ஞானம் தெரிந்த ஆள் இருந்தது உண்மைதான். அது நானில்லை.

அக்கா அந்த வருஷம் தேர்வு எழுதவில்லை. அடுத்த வருஷம் கிளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தேர்வுக் கட்டணம், போட்டோ, ஏற்காடு போய்வரப் பஸ், எல்லாம் சேர்த்து அன்று அவளுக்கு வேண்டியிருந்தது நூற்றிருபத்தேழு ரூபாய்.