குளிருக்கு ஒரு ஜன்னல்

இன்று குன்னூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், எங்கள் பழைய எஸ்டேட் கிளார்க்கின் மகன்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய புதிதில், எஸ்டேட்டில் மூன்றே வீடுகளில்தான் டிவி. "சிலோன்காரங்க" எவருக்கும் உள்ளே இடமில்லை. இவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றுதான் ஒரு துப்பறியும் தொடரைப் பார்த்தோம். கொலைகாரன் யார் என்று தெரியவேண்டிய கடைசி வாரம், இவர்தான் எழுந்து வந்தார். "குளுருது" என்று ஜன்னலைச் சாத்தினார்.

இன்று அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தத் தொடரைச் சினிமாவாக எடுத்துவிட்டார்கள் என்று கோபம்.

"பழசைத் தொடவே கூடாதுங்க. எல்லாரும் பாத்த கதைதானுங்களே?"

"எல்லாரும் பாக்கலீங்க."

"முடிவை வேற மாத்திட்டாங்களாம். அதையும் பாத்துருவோம்னு சாயங்காலம் குடும்பத்தோட போறோம்."

நான் நேற்றே பார்த்துவிட்டேன். கொலைகாரன் யார், எப்படிச் சிக்கினான் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணீட்டீங்களே!"

"குளுருதுங்க" என்று பஸ் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

பழைய தொடர்களைப் படமாக எடுக்கலாமா என்று இந்தக் குழுவில் சண்டை போடுகிறீர்கள். தாராளமாக எடுக்கட்டும். எனக்கு இன்னும் இரண்டு வீட்டு ஜன்னல் பாக்கி. உங்களுக்கு?