ரேடியேட்டரில் ஒரு மங்கு பால்

இரண்டு காலி டின்களோடு வேனை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஆவி புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றார். வேனிலிருந்து இறங்கிய பெண்கள் சாலையோரம் நின்று ஜெலாப்பாங் பக்கம் பார்த்தார்கள். பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. அங்கே சட்டை தைக்கும் ஆலையில் முதல் ஷிப்டு தொடங்க அதிக நேரமில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் எங்கும் வீடு இல்லை.

அந்த வேன்தான் அக்கா வீட்டுக்குச் சோறு. மச்சான் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்று மரங்களைச் சாய்த்தபோது, வேலை போனதற்குக் கிடைத்த பணத்தில் அவர் வாங்கிய பழைய வண்டி. புந்தோங் சந்துகளிலும், தோட்டத்தில் இன்னும் இடிக்காமல் விட்டிருந்த லயத்து வரிசை வீடுகளிலும் பெண்களை ஏற்றி ஆலையில் இறக்குவார். முந்தின வாரம் எஞ்சின் சூடேறி இரண்டு தடவை வழியில் நின்றுவிட்டது. இன்னொரு முறை தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

நான் பாகான் செராயில் நெல் மூட்டை தூக்கிவிட்டு, அறுவடை முடிந்ததும் அக்கா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டு, காலையில் மச்சானோடு வேனில் போய்வந்துகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லோரிப் பட்டறை ஒன்றில் கொஞ்ச காலம் இருந்ததால் ரேடியேட்டர் தண்ணீர் மாற்றத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறியபிறகு மூடியைத் திறந்தேன். அடியிலிருந்த திருகைத் தளர்த்தியதும் செம்மண் கரைத்தது போலக் கொட்டியது. வருஷக்கணக்காகப் பைப்புத் தண்ணீரை மட்டுமே குடித்த ரேடியேட்டர். மேலே குழாயைச் சொருகி, கீழே தெளிந்து வரும்வரை கழுவினேன். திருகை இறுக்கி, எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சைக் கூலண்டில் பாதியும் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் பாதியும் கலந்து மெதுவாக ஊற்றினேன். மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே அடைந்த காற்று குமிழிவிட்டு வெளியேறும். மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

முடிந்தது என்று மூடியை இறுக்கியபோது அடியில் பச்சையாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. உள்ளே இருந்த ஊசி ஓட்டையை அத்தனை காலமும் துருதான் அடைத்து வைத்திருக்கிறது. துரு போனதும் ஓட்டை திறந்துகொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வேனில் ஆலைக்குப் போகிறவள்தான்.

"என்னண்ணே, வேனுக்கு நீர்க்கடுப்பா? சொட்டு சொட்டாப் போவுது!"

மச்சானின் முகம் கறுத்துவிட்டது.

"சொட்டட்டும் மச்சான்," என்றேன். "ரெண்டு டின்ல தண்ணி கொண்டு போலாம். வழியில நிறுத்தி ஊத்திக்கலாம். அப்புறமா பட்டறையில குடுத்து ஓட்டையப் பத்தவைக்கலாம்."

"பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு நடுரோட்டுல நின்னு தண்ணி ஊத்தவா? சும்மா இருலா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தோட்டத்து ஓரத்தில் சின்ன ரப்பர்க் காடு ஒன்றில் மரம் சீவிப் பால் எடுக்கும் கூட்டாளியிடமிருந்து ஒரு டின்னில் ரப்பர் பால் வாங்கி வந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எதையும் பாலால்தான் அடைப்பார்கள். ஓட்டை வாளி, காலுக்குப் போடும் கிழிந்த சப்பாத்து, காற்றுப்போன பந்து எல்லாவற்றுக்கும் பாலைத் தடவிக் காயவைப்பதுதான் வழக்கம்.

"வாளிக்கு வெளியில தடவுறோம் மச்சான். இது உள்ள போவுது. அதுவும் கொதிக்கும்."

"இத்தன வருஷம் பால் எடுத்தவன் நானு. நீ எனக்குச் சொல்றியா?"

மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் நிறைய அளந்து ரேடியேட்டரில் ஊற்றி, எஞ்சினை முடுக்கினார். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இப்ப வந்து குனிஞ்சு பாரு," என்றார். மறுநாள் காலை நான் டின்களைத் தூக்கி வைத்தபோது, தண்ணீர் எதற்கு, வீண் பாரம் என்று கொட்டச் சொன்னார். கொட்டினேன். லயத்தில் பெண்களை ஏற்றிப் பெரிய சாலைக்கு வருவதற்குள் சூட்டு முள் சிவப்பில் போய் நின்றது.

ஒரு கால்வாயில் டின்களை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது பெண்கள் இல்லை. அந்தப் பக்கமாகப் போன பஸ் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மச்சான் மைல் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து தண்ணீரை ஊற்றினேன். உள்ளே இறங்காமல் மேலேயே தளும்பி நின்றது. விரலை விட்டேன். பச்சை கலந்த வெள்ளையில், உறைந்துபோன ஒட்டுப்பால் சரமாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டிருந்தது.

மச்சான் ஒரு துண்டை வாங்கி, பழக்கதோஷத்தில் விரலால் இழுத்துப் பார்த்தார்.

"நல்ல பாலுதான்," என்றார்.

மாலையில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நாளையிலேர்ந்து அந்த பஸ்ஸுலதான் போவணுமாம். ஆலையில சொல்லிட்டாங்க." மச்சான் உள்ளே போய்விட்டார். அவளுக்குப் பின்னால் பஸ்ஸின் சொந்தக்காரரான சீனர் நின்றிருந்தார். லயத்து வீடுகளும் புந்தோங் சந்துகளும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும், இறங்கிப்போய்ப் பெண்களைக் கூப்பிட வேண்டும் என்று என்னிடம் மலாயில் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"போடா," என்றாள். "அவரு போமாட்டாரு. நீயாவது போ. வீட்ல அரிசி வேணுமில்ல?"

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். கூப்பிட வேண்டிய முதல் ஆள் பக்கத்து வீட்டு அக்கா. அவள் வந்து ஏறினாள். மச்சான் வாசலில் வேனுக்கு முன்னால் குந்தி ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. நான் பஸ் படியில் காலை வைத்தபோது சொன்னார்.

"லயத்துல கடைசி வீட்டுப் பொண்ணு எப்பவும் லேட்டாத்தான் வரும். முன்னாடியே ஹார்ன் அடிக்கச் சொல்லு."

சரி என்று சொல்லி, கிளம்பலாம் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினேன்.