அரை மாத்திரை

எண்பதுகளில் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எலி மூளைதான் என் பிழைப்பு. நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை மெல்லிய சீவல்களாக வெட்டி, உப்புநீரில் உயிரோடு வைத்திருப்போம். அங்கே சில நரம்பணுக்கள் மற்றவற்றை "போதும், அடங்கு" என்று கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும். துத்தநாகத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டால் அந்தச் சமிக்ஞை தளரும். அணுக்களெல்லாம் ஒன்றாகத் துடிக்கும்; வலிப்பு என்பதும் இதுதான். திரையில் கோடு தாறுமாறாக எகிறும்போது கைதட்டியிருக்கிறேன். வெட்கங்கெட்ட சந்தோஷம்!

என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அதைப் பார்த்துப் புருஷன் விட்டுவிட்டுப் போனபின், மகளைப் போடியில் அம்மாவிடம் விட்டு, குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டில் காயெடுக்கப் போனாள். தினமும் ஒரு மாத்திரை. அந்த அடக்கும் சமிக்ஞைக்கு அது முட்டுக்கொடுக்கும். இரண்டு வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று போடி பஸ் ஸ்டாண்டில் கேட்டாள்.

"மாத்திரை போட்டா காலையில கண்ணு சொக்குதுப்பா. கை ஓட மாட்டேங்குது. கங்காணி வேலையவிட்டு நிப்பாட்டிருவாரு போல. பாதியாக் கொறச்சுக்கிறட்டா?"

"டாக்டரக் கேக்கலயா?"

"போனா ஒரு நாள் சோலி கெட்டுரும். ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்தது எலியின் மூளை. ஆனாலும் அவள் சொன்னது இனித்தது. தலைக்கனம், வேறென்ன! "ரெண்டு வருசமா வரலைல்ல, அரை போதும்க்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ்சில் ஏறினேன்.

அடுத்த மாதமே தந்தி வந்தது. ஓடையோரம் காயெடுத்துக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து தண்ணீரில் குப்புற விழுந்துவிட்டாள். கரையில் இழுத்துப் போட்ட கங்காணியும் மற்றவர்களும், வழக்கப்படி கையில் இரும்புச் சாவியைத் திணித்து, வலிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். வலிப்பு அடங்கியது. மூச்சும் போயிருந்தது.

இழவு வீட்டில் கங்காணியைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சாவிய வச்சா வலிப்பு நிக்குமாய்யா? அறிவு வேணாம்?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுகள ஏன்ப்பா வையிற?" என்றாள் அம்மா. அக்காவின் பையைத் தரையில் கொட்டினாள். காகிதத்தில் மடித்துவைத்த, பாதியாக ஒடித்த மாத்திரைகள்.

"பாதி பாதியாத் தின்னுருக்கா அப்பு. எந்தப் பாவி சொன்னான்னு தெரியல. ஒங்கிட்ட எதுவும் சொன்னாளா?"

கங்காணி உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா, எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றேன்.