நோன்பு நேரத்துச் சொட்டு மருந்து

எங்கள் தெரு இனாயத்துக்குப் பொய் சொல்ல வராது. வராததைச் செய்யப் போய்த்தான் அன்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

வயது நாற்பத்தாறு. குடியிருப்பு திருவல்லிக்கேணி, லேத் ஓட்டுவது ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில். இரண்டு வருடத்துக்கு முன் கண்ணுக்குள் அழற்சி வந்தது. பின்னாலேயே கண்ணழுத்தம் ஏறி, வலக்கண் பார்வையில் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது இடக்கண்ணை நம்பித்தான் லேத், லேத்தை நம்பித்தான் வீடு. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டால் அந்தக் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர் விஜயராகவன்.

ரம்ஜான் முடிந்ததும் பரிசோதனைக்குப் போனான். துணைக்கு நான். கண்ணின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள். ஊசி கிடையாது, தாடையை வைத்துச் சில நொடி இமைக்காமல் பார்த்தால் போதும். இரும்புச் சீவல் தெறிக்கும் லேத்தை முறைத்துப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்தார். இடக்கண் நரம்பைச் சுற்றி நெருக்கமாக ஓடிய வெள்ளை இழைகள் ஒரு பக்கம் மெலிந்து, அந்த இடம் கறுத்திருந்தது.

"மருந்து ஒழுங்கா விடுறீங்களா?"

"விட்டுக்கினுதான் கீறேன் சார்."

"படம் அப்படிச் சொல்லலையே."

இனாயத் தலை குனிந்தான். "நோன்பு சார். பகல்ல விடவே இல்ல. தொண்டைல கசக்குது, நோன்பு முறிஞ்சிடும்னு…"

"போனது திரும்பாது. இருக்கறதையாவது காப்பாத்துங்க."

நேராகப் பள்ளிவாசலுக்குப் போனோம். "கண்ல மருந்து விட்டா நோன்பு முறியாது பாய். முன்னாடியே கேட்டிருக்கலாமே?" என்றார் தொழுகை நடத்தும் ஹஜ்ரத். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது நாளும் அவர் பின்னால் நின்று தொழுதிருக்கிறான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, மடையன்!

இனாயத் புலம்பவில்லை. கைபேசியில் வேளைக்கு ஒரு அலாரம் வைத்தான். அது அடித்தால் லேத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுத்தார்கள். கறுத்த இடம் அப்படியே இருந்தது, விரியவில்லை.

அடுத்த ரம்ஜானின் முதல் வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலையும்போது பள்ளிவாசல் படியில் அலாரம் அடித்தது.

"ஓரமா வாடா," என்றேன்.

"அன்னிக்கு ஹஜ்ரத்தாண்ட கேக்க வெக்கப்பட்டதுக்குத்தான் இந்தக் கதி," என்றவன், எல்லோரும் பார்க்க அண்ணாந்து மருந்தை விட்டுக்கொண்டான். "நோன்பு முறியாது, ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு!" என்று சத்தமாகவும் சொன்னான்.

பக்கத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து, இன்னும் மூடி திறக்காத மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"எனக்கும் விட்டுடு நைனா. கை நடுங்குது."